நிற்கும் காலைப் பாருங்கள்: கொரிய தற்காப்புக் கலைக்குப் பள்ளி தேடுவதும் பயில்வதும்

டேக்வாண்டோ கற்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பதும் முக்கியம்தான். போய்வரவே ஒரு மணி நேரம் ஆகும் என்றால் மூன்றாம் மாதமே கிளாஸ் தட்டிப்போக ஆரம்பிக்கும். ஆனால் போர்டில் 'கொரியன் மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கலைகள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

டேக்வாண்டோவிலேயே இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, சியோலில் 1972-ல் திறந்த டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவானின் வழி. அதன் போட்டிகளை நடத்துவது 1973-ல் தொடங்கிய அமைப்பு. இன்று அதற்கு வேர்ல்டு டேக்வாண்டோ என்று பெயர். 2000 சிட்னி ஒலிம்பிக் முதல் பதக்கப் போட்டியாக இருப்பது இந்த வழிதான். இதில் கால்தான் எல்லாம். முகத்தில் கையால் குத்தக் கூடாது. பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய கலர் பெல்ட்டில் இருக்கும்வரை தேகுக் வரிசையின் எட்டு பூம்சேக்களை, அதாவது தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்களை, கற்பீர்கள். இன்னொன்று, சோய் ஹோங் ஹி 1966-ல் தொடங்கிய ஐ.டி.எஃப். (இன்டர்நேஷனல் டேக்வாண்டோ ஃபெடரேஷன்) வழி. இதில் மொத்தம் 24 'துல்'; பூம்சேக்கு இங்கே அதுதான் பெயர். ஸ்பாரிங்கில், அதாவது ஜோடியாக மோதிப் பழகும்போது, முகத்துக்கும் கை போகலாம், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தித் தொட வேண்டும். இன்றைக்கு ஐ.டி.எஃப். என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இயங்குகின்றன. எனவே மாஸ்டர் "நாங்கள் ஐ.டி.எஃப்." என்று சொன்னால், எந்த ஐ.டி.எஃப். என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

ஹாப்கிடோ வேறு உலகம். ஜப்பானிலிருந்து திரும்பிய சோய் யோங்-சுல் டேகு நகரில் கற்பித்ததிலிருந்து வளர்ந்த கலை இது. மூட்டை முறுக்கிப் பிடிக்கும் மணிக்கட்டுப் பூட்டு, முழங்கைப் பூட்டு, தூக்கி எறிவது, அடிபடாமல் விழுவது ஆகியவைதான் மையம், உதையும் உண்டு. தாங்சுடோ, ஹுவாங் கீ 1945-ல் தொடங்கிய மூ டுக் குவான் மரபு; பார்வைக்குக் கராத்தே சாயல் தெரியும். கும்டோ, ஜப்பானிய வாள் கலையான கெண்டோவின் கொரிய வடிவம்: மூங்கில் வாள், தலைக்கவசம், மார்புக்கவசம். உதையின் வேகமும் போட்டியும் பிடிக்கும் என்றால் குக்கிவான் டேக்வாண்டோ. கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபடத் தெரிய வேண்டும் என்றால் நல்ல ஹாப்கிடோ பள்ளி. டேக்வாண்டோ பள்ளியில் மாதம் ஒருமுறை காட்டும் 'செல்ஃப் டிஃபென்ஸ்' அதற்கு ஈடாகாது.

போனிலேயே கேட்க வேண்டியவை

ஆசிரியரின் டான், அதாவது பிளாக் பெல்ட் நிலை, எத்தனை, எந்த அமைப்பு கொடுத்தது? குக்கிவான் என்றால் சான்றிதழில் எண் இருக்கும். அதைக் குக்கிவான் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்குக் கோபப்படாமல் காட்டுகிறவரிடம் நம்பிக்கையோடு போகலாம். மாணவர்களைக் குக்கிவான் டானுக்குப் பரிந்துரைக்க ஆசிரியர் பொதுவாக நான்காம் டானாவது முடித்திருக்க வேண்டும். முதல் டான் மட்டும் வைத்திருப்பவர் தனியாகப் பள்ளி நடத்தினால், பிளாக் பெல்ட் டெஸ்ட்டை யார் கையெழுத்தில் நடத்துவார்கள் என்று கேளுங்கள். ஹாப்கிடோவுக்கு இப்படி ஒரே தலைமை அமைப்பு கிடையாது. அங்கே ஆசிரியர் யாரிடம், எத்தனை ஆண்டு கற்றார் என்பதுதான் சான்றிதழைவிட அதிகம் சொல்லும்.

பிறகு பணம். மாதக் கட்டணம், டோபோக் என்னும் சீருடை, ஒவ்வொரு பெல்ட் டெஸ்ட்டுக்கும் ஆகும் செலவு, டான் டெஸ்ட் கட்டணம், ஸ்பாரிங் கவசங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைத்தால், உண்மையான கட்டணம் அந்த டெஸ்ட்டில்தான் இருக்கிறது. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லி "இத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட் உறுதி" என்கிற இடத்தில் சேராதீர்கள்.

கொரியாவில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே முதல் நிலை வாங்கிவிடுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பள்ளி முடிந்ததும் டோஜாங் (பயிற்சிக்கூடம்) வேன் வந்து ஏற்றிக்கொண்டு போக, வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று பயில்கிறார்கள். ஐம்பது வாரத்தில் அது 250 மணி நேரம். வாரம் இரண்டு கிளாஸ் போகிறவருக்கு அதே நேரம் சேர இரண்டரை ஆண்டு ஆகும். எத்தனை மாதம் என்பதை விட்டு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பாருங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் ஒரு கிளாஸ்

சேர்வதற்கு முன் ஒரு முழு கிளாஸை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்வையாளரை அனுமதிக்காத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. உள்ளே போனதும் கோப்பை அலமாரியைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். டேக்வாண்டோவுக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் மேட் போதும். எறிந்து பழகும் ஹாப்கிடோவுக்கு 40 மில்லிமீட்டர் வேண்டும். மேட்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், வேகமாகத் திரும்பும்போது கால் கட்டைவிரல் அதில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, முன்வரிசை பிளாக் பெல்ட்டுகளை விட்டுவிட்டுப் பின்வரிசை வெள்ளை பெல்ட் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். டோல்யோ சாகி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி உதைப்பது, வரும்வரை காத்திருங்கள். புதியவருக்கு உதைக்கும் கால் மேலே போகும். நிற்கும் கால் தரையில் ஒட்டிக்கொண்டு விரல்கள் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது; நடுவில் மாட்டி முறுக்கிக்கொள்வது முழங்கால். நல்ல மாஸ்டர் அங்கே வந்து குந்தி உட்கார்ந்து, அந்தக் குதிகாலைக் கையால் பிடித்து இலக்கின் பக்கம் திருப்பி, "இப்போ உதைங்க" என்பார். மோசமானவர் தூரத்திலிருந்து "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று கத்துவார். ஒரு மணி நேரத்தில் நிற்கும் காலை ஒருமுறைகூடத் திருத்தாத பள்ளியில் மற்ற எதுவும் சரியாக இருக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பாரிங் நடந்தால் தலைக்கவசம், மார்புக்கவசம், முன்கை, கீழ்க்கால் காப்பு, கவட்டுக் காப்பு, பல் காப்பு எல்லாம் எல்லோருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் உதை வாங்கித் தள்ளாடுகிற பிள்ளையை "சமாளிச்சுக்கோ" என்று மறுபடி இறக்கினால் எழுந்து வந்துவிடலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளை உட்கார்ந்தே ஆக வேண்டும்; தலைவலியோ வாந்தியோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். போட்டி எடைப் பிரிவுக்காக வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்வதும் இதே ரகம்.

சேர்ந்த பிறகு

வாரம் இரண்டு கிளாஸ் என்பது கற்றதை மறக்காமல் இருக்கத்தான் போதும்; முன்னேற மூன்று வேண்டும். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் அதை டோல்யோ சாகிக்குக் கொடுங்கள். சுவரில் ஒரு கையை வைத்து நில்லுங்கள். முதலில் முழங்காலை மடக்கி முன்னால் தூக்குங்கள். பிறகு நிற்கும் காலின் குதிகாலைச் சற்றே எழுப்பி, விரல்களின் அடிப்பகுதியில் சுழலுங்கள்: இடுப்பு உயரத்துக்குக் குறைந்தது 90 பாகை, தலை உயரத்துக்கு ஏறக்குறைய 180. அதன் பிறகுதான் இடுப்பு, கடைசியில் கீழ்க்கால். காலை நீட்டியபடி கீழே போட்டுவிடாமல், திரும்ப மடக்கிவிட்டு இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து, மெதுவாக. முழங்காலின் உள்பக்கம் வலித்தால் பாதம் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். ஆப் சாகியில், அதாவது நேராக முன்னால் உதைப்பதில், விரல்களைப் பின்னால் இழுத்து அடிப்பாதத்தால் தொடுங்கள். விரல் நீட்டியிருந்தால் முதலில் உடைவது விரல்தான்.

கிளாஸுக்கு முன் காலை வீசிச் சூடேற்றுங்கள். அசையாமல் நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெச் முடிந்த பிறகுதான், ஒவ்வொன்றும் 30 நொடி. ஸ்ப்லிட்டுக்கு யாராவது முதுகில் கை வைத்து அழுத்த வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்காரும் எலும்போடு தொடைத் தசைநார் சேரும் இடத்தில் கிழிந்தால் ஆற மாதக்கணக்கு ஆகும்.

பூம்சேயைத் தனியாகச் சரிபார்க்க ஒரு வழி. தேகுக் வரிசையின் முதல் பூம்சேயான இல்ஜாங்குக்கு 18 அசைவுகள்; தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். நிற்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டுச் செய்து பாருங்கள். முடிக்கும்போது டேப்பை விட்டு விலகி நிற்கிறீர்கள் என்றால் காலடியின் நீளம் ஒரே அளவில் இல்லை. சாதாரண நடை அளவான ஆப் சொகி, ஒன்றரை நடை நீளமுள்ள ஆப் குபி என்ற இரண்டு நிற்கும் நிலைகளும் குழம்பிப்போவதுதான் வழக்கமான காரணம்.

ஹாப்கிடோவில் முதல் சில மாதம் விழுவதற்கே போகும், அவசரப்படாதீர்கள். முகவாயை மார்பில் ஒட்டி, உடம்பிலிருந்து 45 பாகை தள்ளி, முன்கையும் உள்ளங்கையும் சேர்த்துத் தரையில் அறைய வேண்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டோ காறையெலும்போ போகும். பூட்டு போடும்போது எதிரில் இருப்பவர் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். அதேபோல வலி வரும்வரை காத்திருக்காமல், இறுகியதும் நீங்களும் தட்டிவிடுங்கள்.

பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் குக்கிவான் கொடுப்பது டான் அல்ல, 'பூம்'. அந்த வயதை எட்டியதும் டானாக மாற்றிக்கொள்ளலாம். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு ஆண்டு, அதிலிருந்து மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு மூன்று என்று காத்திருப்புக் காலம் உண்டு. விண்ணப்பப் படிவத்தை நம் ஆட்கள் கவனமாக நிரப்ப வேண்டும். இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் முழுதாகவா என்று பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக நம் பெயர்கள் இருக்கும். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி, மாஸ்டர் அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அடுத்த டானுக்கு வேறு ஊரில், வேறு நாட்டில் விண்ணப்பிக்கும்போது தேடப்படுவது அந்தப் பதிவுதான்.