85இல் இறுக்க வேண்டிய நட்டுக்கு 1800 கன்: இம்பெக்ட் ரெஞ்ச் வாங்குவோர் செய்யும் தவறுகள்

கொட்டகலையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு பெட்டியோடு வந்தான். "அண்ணே, இம்பெக்ட் கன் வாங்கிட்டேன். 1800 நியூட்டன் மீட்டர். லொறி டயரே கழட்டலாமாம்."

அவனிடம் இருப்பது ஒரு வேகன் ஆர் கார். அதன் வீல் நட்டை இறுக்க வேண்டிய திருகு பலத்தின் அளவு 85 நியூட்டன் மீட்டர். பெட்டியைத் திறந்து பார்த்தேன். நட்டை அடித்துச் சுழற்றும் கன் (இம்பெக்ட் ரெஞ்ச் என்பதும் இதைத்தான்) ஒன்று, பெட்டரி ஒன்று, நட்டில் மாட்டும் சொக்கெட் ஒன்று. நட்டை அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்ச் இல்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பெட்டியை இதே சிரிப்போடு வீட்டுக்குத் தூக்கி வந்தவன் நான். அதனால் அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தபோதும் புது வண்டியின் விலை நம் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. இருக்கிற வண்டியை நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆளாளுக்கு ஆயுதம் வாங்குகிறார்கள். நல்லதுதான். சார்ஜ் போட மறப்பது, முன்னே பின்னே சுழற்றும் பட்டனை மாற்றி அழுத்துவது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும், அவற்றை விடுகிறேன். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அவிழ்க்கிற பலத்தைப் பார்த்து வாங்கி, அதே பலத்தால் இறுக்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

நான் வாங்கிய முதல் கன் கடையில் இருந்ததிலேயே பெரியது. கடைக்காரர் அதன் பலத்தைப் புகழ்ந்தார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து நாலு டயரையும் கழற்றிப் பூட்டினேன். டர்ர்ர் என்று சத்தம் வரும்போது ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே ஒவ்வொரு நட்டுக்கும் இன்னும் இரண்டு விநாடி கூடுதலாகப் பிடித்தேன். இறுகினால் நல்லதுதானே என்று நினைப்பு.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் மாலை. நுவரெலியாவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். பின் சீட்டில் அம்மா, கரும்புக் கட்டு, புதுப் பானை. நானுஓயாவைத் தாண்டியதும் முன் இடது டயர் காற்றுப் போய்விட்டது. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. கன் வீட்டில். டிக்கியில் வண்டியோடு வந்த எல் வடிவக் கம்பிதான் இருந்தது. போட்டு அழுத்தினேன், அசையவில்லை. ஏறி நின்றேன், அசையவில்லை. ஏறிக் குதித்தேன். அம்மா கண்ணாடியை இறக்கி, "கீழ விழுந்து தொலையாத" என்றார்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் கம்பியின் நுனியில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றால் நட்டுக்குப் போவது சுமார் 176 நியூட்டன் மீட்டர். (இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.) கன் அதைவிட மேலே இறுக்கிவிட்டால், ரோட்டோரத்தில் அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு நீங்கள் எதுவும் செய்ய முடியாது. 85இல் நிற்க வேண்டிய நட்டை நான் எங்கே கொண்டுபோய் விட்டிருந்தேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கடைசியில் ஒரு மரக்கறி லொறிக்காரர் நிறுத்தினார். ஒரு நீளமான இரும்புக் குழாயை எடுத்து வந்து கம்பியில் செருகினார். முதல் இரண்டு நட் கத்திக்கொண்டே அவிழ்ந்தன. மூன்றாவது அவிழவில்லை. 'டக்' என்று ஸ்டட் (நட் ஏறும் மரைத் தண்டு) முறிந்து நட்டோடு கையில் வந்தது. மிச்சம் மூன்று நட்டில் டயரைப் பூட்டி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர இரவாகிவிட்டது.

பொங்கல் முடிந்து தலவாக்கலையில் ஒரு கராஜுக்குப் போனேன். பாஸ் முறிந்த ஸ்டட்டைப் பார்த்துவிட்டு, மற்ற மூன்றிலும் ஒரு புது நட்டை விரலாலேயே சுற்றிப் பார்த்தார். இரண்டில் நட் பாதி வழியில் இறுகி நின்றது. ஸ்டட் இழுபட்டு நீண்டு மரை கெட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "யார் தம்பி இத இறுக்கினது?" என்று கேட்டார். கராஜ்காரன் எவனாவது மாட்டினால் திட்டலாம்தான். இறுக்கியது நான். ஸ்டட் மாற்ற, அது பதிந்திருக்கும் ஹப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. ஹப்பை இழுத்ததில் பேரிங்கும் போய்விட்டது. அந்த பில்லில் நல்ல டோர்க் ரெஞ்ச் ஒன்று வாங்கியிருக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது? கன்னுக்குள்ளே ஒரு சுத்தியல் சுழல்கிறது. நட் எதிர்த்து நின்றதும் அது ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, முன்னால் பாய்ந்து சொக்கெட் மாட்டும் தண்டை அடிக்கிறது. நிமிடத்துக்கு 2000, 3000 அடி. அடி விழ விழ நட் இறுகும். ஒரு விநாடி பிடித்தால் ஓர் அளவு, மூன்று விநாடி பிடித்தால் வேறோர் அளவு, பெட்டரி பாதியாகிவிட்டால் இன்னோர் அளவு. 85 வந்துவிட்டது என்று அது நின்று சொல்லாது.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் அவிழ்க்கும் எண். இறுக்கும் எண் அதைவிடக் குறைவு. மகிட்டாவின் டிடிடபிள்யூ 300 மொடலுக்கு இறுக்க 330, அவிழ்க்க 580 என்று கம்பனியே பிரித்துச் சொல்கிறது. ஒரே ஓர் எண்ணைப் போட்டு, எதற்கு என்று சொல்லாத பெட்டியை நான் நம்புவதில்லை.

சரி, எவ்வளவு பலம் வேண்டும்? வேகன் ஆர், அல்டோவுக்கு 85. அக்ஸியோ மாதிரி டொயோட்டா கார்களுக்கு 103. ஹொண்டா ஃபிட்டுக்கு 108. துருப்பிடித்த நட் இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு கேட்கும். ஆகவே உண்மையான 300, 350 கொடுக்கிற, அரை அங்குலச் சதுரத் தலை உள்ள, வேகத்தைக் குறைத்து வைக்க முடிகிற கன் வீட்டு வேலைக்குத் தாராளம். நட் அவிழ்ந்ததும் தானாக நிற்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, நட் பறந்துபோய்க் கானுக்குள் விழாது. 1000க்கு மேற்பட்டவை லொறி வைத்திருப்பவர்களுக்கு. அவை கனமும் கூட, குனிந்து நாலு டயர் பார்ப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும்.

இறுக்குவது இப்படி. நட்டை விரலால் சுற்றி ஏற்றுங்கள். கன்னைக் குறைந்த வேகத்தில் வைத்து, நட் போய் உட்கார்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஜாக்கை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகு, எதிரெதிர் நட்டாக டோர்க் ரெஞ்சில் முடியுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள். கன்னுக்கு ஒதுக்கிய காசில் டோர்க் ரெஞ்சுக்கும் இடம் இல்லையென்றால், சின்ன கன்னாக வாங்குங்கள்.

கன்னாலேயே நட்டை ஏற்றுவது

சுசுக்கி ஸ்டட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். டொயோட்டா, ஹொண்டாவுக்கு 1.5. இரண்டுக்கும் தடிப்பு ஒன்றே, 12. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். விரல் இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடும். கன் கண்டுபிடிக்காது, மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போகும்.

துருவுக்குப் பயந்து ஸ்டட்டில் கிரீஸ் பூசுவது

வட்டவளை, நோர்வூட் பக்க மழையைப் பார்த்தவர்கள் இதைச் செய்வது புரிகிறது. ஆனால் 85 என்பது காய்ந்த மரைக்குச் சொன்ன கணக்கு. கிரீஸ் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 85இல் ஸ்டட் அதிகமாக இழுபடும். கம்பிப் பிரஷால் தேய்த்தால் போதும்.

வோல்ட் ஸ்டிக்கரில் மயங்குவது

48, 88, 388 என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வருகின்றன. பெட்டரிக்குள் வரிசையாக எத்தனை செல் என்பதுதான் கேள்வி. லிதியம் செல் ஒன்று 3.6 வோல்ட். ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2, ஐந்துக்கு 21. ஆக 18, 20, 21 என்று மூன்று விதமாக விற்பது பெரும்பாலும் ஒரே சாதனத்தைத்தான். ஐந்து செல் வைத்துவிட்டு 88 என்று எழுதினால் அது வெறும் ஸ்டிக்கர்.

பெட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர் அவர் கணக்கும் அப்படியே. கடையில் பெட்டரியைக் கையில் தூக்கிப் பாருங்கள். இந்தப் பெட்டரிகளுக்குள் வழக்கமாக இருக்கும் 18650 அளவு செல் ஒன்று சுமார் 45 கிராம். பத்து செல் இருந்தால் செல்கள் மட்டுமே அரைக் கிலோவை நெருங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் எண் போட்ட பெட்டரி பஞ்சுபோல இருந்தால் திரும்ப மேசையில் வைத்துவிடுங்கள்.

ஜப்பான் சார்ஜர்

அங்கே 100 வோல்ட், இங்கே 230. கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பழைய ஜப்பான் செட் வாங்கினால் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதை வாசித்த பிறகே பிளக்கில் செருகுங்கள்.

வீட்டில் கிடக்கும் பளபளப்பான சொக்கெட்டை மாட்டுவது

அது கையால் திருப்புவதற்கு. கடினமாக்கிய மெல்லிய சுவர், அடி தாங்காமல் வெடிக்கும். வெடித்த துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கறுப்பு நிற, தடித்த, ஆறு மூலை இம்பெக்ட் சொக்கெட் வாங்குங்கள். சுசுக்கிக்கும் ஹொண்டாவுக்கும் 19, டொயோட்டாவுக்கு 21. அலோய் ரிம்மாக இருந்தால் வெளிப்புறம் பிளாஸ்டிக் உறை போட்டது. இடையில் நீட்டிக் கம்பி போட்டால் அடியில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், முடிந்தவரை நீளமான சொக்கெட்டே நல்லது.

இம்பெக்ட் டிரைவரை ரெஞ்ச் என்று நினைத்து வாங்குவது

கால் அங்குல அறுகோண வாய் இருந்தால் அது ஸ்குரூ பூட்டத்தான்.

ஓயில் பிளக், ஸ்பார்க் பிளக்

கன்னைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் அலுமினிய மரை, எளிதில் கெட்டுவிடும். த்ரீவீல், மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவருக்குக் கன்னே தேவையில்லை.

சரிவில் ஜாக் போடுவது

நம் ஊரில் சமதரை தேடுவதே ஒரு வேலை. எதிர்ப்பக்கச் சில்லுக்கு மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் கல் வையுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஜாக்கில் நிற்கும் வண்டியைக் கன் அடித்து ஆட்டக்கூடாது.

அந்தத் தம்பி 1800 கன்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போன ஞாயிறு வந்து என் டோர்க் ரெஞ்சை இரவல் கேட்டான். கொடுத்தேன். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து கணக்குப் பிசகிவிடும் என்று இரண்டு தரம் சொன்னேன். சாயந்தரம் கொண்டுவந்து தந்தான். அளவு 85இலேயே நின்றது.