கிரான் பாரடீசோவுக்கு ஸ்கியில் ஏறும் முன்: திட்டத்திலேயே நடக்கும் தவறுகள்

முழுக்க இத்தாலிக்குள் இருக்கும் ஒரே நாலாயிரம் மீட்டர் சிகரம் கிரான் பாரடீசோ, உயரம் 4,061 மீட்டர். நாலாயிரங்களிலேயே லேசானது என்று பேர் வாங்கிவிட்டது. அந்தப் பேரை நம்பித் திட்டம் போடுவதுதான் முதல் தவறு.

அடுத்தது நேரக் கணக்கு. விட்டோரியோ இமானுவேலே குடிலில் (2,735 மீட்டர்) இரவு தங்கிவிட்டு, காலையில் நிதானமாகக் காபி குடித்துக் கிளம்பலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். இங்கே தூரம் சுமார் 5, ஏற்றத்துக்கு 13. நாலரை மணி நேரம் வருகிறது. அதுவும் நிற்காமல் நடந்தால். உச்சிக்குச் சற்று முன் ஸ்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கிராம்பான் (காலணிக்கு அடியில் மாட்டும் உலோக முட்கள்) மாட்டிப் பாறையில் ஏற வேண்டும், அங்கே கூட்டம் இருந்தால் காத்திருக்கவும் வேண்டும். வசந்த காலத்தில் இரவில் உறைந்த பனி வெயில் ஏற ஏற இளகிவிடும் என்பதால், எத்தனை மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நேரத்தைப் பிடியுங்கள். விடியலில் பனி கல்லு மாதிரி இருக்கும், ஸ்கின் (வழுக்காமல் ஏற ஸ்கிக்கு அடியில் ஒட்டும் பட்டை) மட்டும் பிடிக்காது, ஸ்கியில் மாட்டும் முட்களான ஸ்கி கிராம்பானும் வேண்டும்.

பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து நிலையின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது இன்னொரு தவறு. ஐந்து நிலைகளில் 3 என்றால் "நடுத்தரம்தானே" என்று தோன்றும், ஆனால் ஐரோப்பாவில் அதிக உயிர்களை வாங்குவதே அந்த 3-ஆம் நிலைதான். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், என்ன வகை ஆபத்து என்பதைப் படித்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகச் சமவுயரக் கோடுகள் போட்ட 1:25,000 வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் அந்த இடம் 30 டிகிரியைத் தாண்டுகிறது, பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்புவது அங்கேதான். சரி, நம் பாதை தட்டையாகத்தானே போகிறது? தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டுமே.

பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) மூன்றும் ஆளுக்கு ஒரு செட். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 10 நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. அவசர உதவி எண் 112-க்கு அடித்து ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும், தோண்டி எடுக்கப்போவது கூட வந்தவர்கள்தான். எனவே வாங்கினால் போதாது, பழகியிருக்க வேண்டும்.

அப்புறம் பனியாற்று வெடிப்புகள், அதாவது பனியாற்றில் இருக்கும் ஆழமான பிளவுகள். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் சேணத்தை (கயிற்றை இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை) பனியாற்றில் கால் வைக்கும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். இருக்கிற ஒரே கயிற்றை ஒருவர் பையில் திணித்து, அவரையே முன்னால் அனுப்புகிற குழுக்களும் உண்டு. வெடிப்பில் விழுவது அவர் என்றால், மேலே நிற்கிறவர்கள் கையில் எதுவும் இருக்காது.