வாசிகசாலைச் சுவரில் 1950 உலகக் கிண்ணம்

உலகக் கிண்ண உதைபந்தாட்ட வரலாறு என்றதும் கை தானாகவே காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று கிளை பிரித்து வரையத் தொடங்கும். 1950இல் பிரேசிலில் நடந்த தொடருக்கு அது சரிவராது. இறுதிப் போட்டி என்று ஒன்று அதில் ஒழுங்கு செய்யப்படவே இல்லை. நான்கு குழுக்களிலும் முதலிடம் பெற்ற நாடுகள் தமக்குள் ஆடின, கூடிய புள்ளி எடுத்த நாட்டுக்குக் கிண்ணம். ஆகவே வாசிகசாலைச் சுவரில் பிள்ளைகளுக்காக வைக்கும் காட்சியின் நடுவில் புள்ளிப் பட்டியலை வையுங்கள், அட்டைகளை மாற்றக்கூடியதாக.

நான்கடிக்கு இரண்டடி ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒன்று, ஓரங்குலத் தடிப்பில் எடுங்கள். அதில் பிறிஸ்டல் போர்ட் ஒட்டப் பைண்டர் கம்தான் நல்லது. செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் கம் ரெஜிபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். மாரியில் கம் காய நேரமெடுக்கும், போர்ட் வளையும். அதனால் ஓர் இரவு முழுக்கப் பாரம் வைத்து அழுத்துங்கள். கல்லடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் வெறும் குண்டூசி துருப்பிடித்து அட்டையில் கறையாக்கும். பிளாஸ்டிக் தலை வைத்த ஊசியும் நிழலான உட்சுவரும் பொருத்தம்.

நிரல்கள் ஐந்து போதும்: நாடு, ஆடியது, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி. நாட்டின் பெயரைத் தனி அட்டையாக்குங்கள், வரிசை மாறும்போது அதையும் நகர்த்த வேண்டும். இலக்க அட்டைகள் ஆட்ட நாளொன்றுக்கு 16 வீதம் 48. பின்பக்கத்தில் திகதி எழுதாவிட்டால் கலந்துபோகும்.

அந்த நான்கு நாடுகளும் அடித்த கோல்கள் இவை. யூலை 9: பிரேசில் 7, சுவீடன் 1; உருகுவே 2, ஸ்பெயின் 2. யூலை 13: பிரேசில் 6, ஸ்பெயின் 1; உருகுவே 3, சுவீடன் 2. யூலை 16: உருகுவே 2, பிரேசில் 1; சுவீடன் 3, ஸ்பெயின் 1.

பெரும்பாலும் பிழைப்பது புள்ளியில்தான். அன்று வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. உலகக் கிண்ணத்தில் 3 புள்ளி வந்தது 1994இல், இன்றைய பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில் கூட்டுவார்கள். முடிவில் உருகுவே 5, பிரேசில் 4, சுவீடன் 2, ஸ்பெயின் 1, மொத்தம் 12 வர வேண்டும். அடித்த கோல்களும் வாங்கிய கோல்களும் தனித்தனியே 31. பிரேசில் அடித்தது 14, உருகுவே அதில் பாதி. இந்த இரண்டு இலக்கங்களையும் சிவப்பில் எழுதுங்கள். இந்தத் தொடரின் அதிசயமே அதற்குள் இருக்கிறது.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு முழு போர்ட் ஒதுக்குங்கள். மரக்கானா மைதானம், பணம் கட்டி வந்தவர்கள் மட்டும் 173,850 பேர். 47ஆவது நிமிடம் ஃபிரியாசா பிரேசிலுக்கு அடித்தார், 66இல் ஸ்கியாஃபினோ சமப்படுத்தினார், 79இல் கீஜா வென்று கொடுத்தார். பிரேசில் சட்டைக்கு மஞ்சள் பூசிவிடாதீர்கள். அன்று அவர்கள் வெள்ளையில் ஆடினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகே மஞ்சள் வந்தது.

குழுக்களுக்குச் சிறிய தாள் போதும். 16 இடமிருந்தும் ஆடியவை 13 நாடுகளே. நாலாம் குழுவில் இரண்டே நாடுகள், உருகுவே பொலிவியாவை 8–0 என வென்றது. மூன்றாம் குழுவில் இந்தியாவின் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘விலகியது’ என்று எழுதுங்கள். வெறுங்காலோடு ஆட விடாததால்தான் போகவில்லை என்ற கதையை உறுதியாக எழுத வேண்டாம். நீண்ட பயணம், ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணியது என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன.

யூலை 16 அட்டைகளைத் தனி உறையில் போட்டு, உறையை ஒட்டி வையுங்கள். 13ஆம் திகதிப் பட்டியலைப் பார்த்து, பிரேசிலுக்கு ஒரு சமநிலையே போதும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கணக்கிட்டுச் சொன்ன பிறகு உறையைத் திறக்கலாம்.