குர்குமின்: மஞ்சள்தானே என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மூட்டு வலியா, வீக்கமா, உடனே மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற வேதிப்பொருளின் மாத்திரை என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வெறும் புரளி என்று தள்ளவும் முடியாது, சர்வரோக நிவாரணி என்று கும்பிடவும் முடியாது. பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: மஞ்சளும் குர்குமினும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது.

மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் என்று வைத்தால் அதில் 90 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். 95 சதவீதம் குர்குமின் உள்ள செறிவூட்டிய சாறு என்று போட்டிருக்கும் 500 மில்லிகிராம் மாத்திரையிலோ 475 மில்லிகிராம், அதாவது ஐந்து தேக்கரண்டித் தூளில் இருப்பது ஒரே விழுங்கலில். "காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகாது" என்ற வாதம் தூளுக்குச் சரி, மாத்திரைக்குப் பொருந்தாது. உணவு நிறமியாகச் சேர்க்கும்போது வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதுகாப்பானது என்று வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 180 வருகிறது. அதைத் தாண்டினால் உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை, சோதனைகளில் கிராம் கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஆனால் சமையல் அளவு வேறு, மருந்து அளவு வேறு.

அடுத்தது, "ஆய்வகத்தில் நிரூபித்துவிட்டார்கள்" என்று நம்புவது. இங்கே கொஞ்சம் வேதியியல் பார்த்துவிடலாம். 1815-லேயே பிரித்தெடுத்த பொருள் இது, கட்டமைப்பு தெளிவானது 1910-ல். இரண்டு ஓரத்திலும் பீனால் வளையம், நடுவில் ஏழு கார்பன் சங்கிலி, அதில் இரண்டு ஆக்சிஜன். மஞ்சள் நிறம் வருவதே அந்தச் சங்கிலியில் மாறிமாறி அமையும் இரட்டைப் பிணைப்புகளால்தான். துணியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் அது சட்டென்று செந்நிறமாகிவிடும், பார்த்திருப்பீர்கள். காரத்தில் மூலக்கூறு ஹைட்ரஜனை இழப்பதால் வரும் மாற்றம் அது. நிறத்தோடு விஷயம் முடிவதில்லை. கார அமிலத்தன்மை (pH) 7.2 உள்ள வெறும் கரைசலில், உடல் வெப்பத்தில் வைத்தால், அரை மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நீரில் கரையாது, வெளிச்சமும் ஆகாது.

செல்களின் மேல் ஊற்றிப் பார்க்கும்போது அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் வேலையைக் குர்குமின் தடுக்கிறது, வலி, வீக்கத்துக்குக் காரணமாகும் காக்ஸ்-2 நொதியும் குறைகிறது. சரி, ஆனால் அதற்குப் பெரும்பாலும் மைக்ரோமோலார் செறிவு வேண்டும். வழக்கமான அளவில் வாயால் சாப்பிட்டால் இரத்தத்தில் மாறாத குர்குமினாகத் தென்படுவது நானோமோலார் அளவில்தான், ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு, ஏனென்றால் குடலும் கல்லீரலும் அதில் குளுக்குரோனைடு, சல்பேட் என்ற வேதிக்கூறுகளை ஒட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. இன்னொரு சிக்கல், இது கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும், அதனால் சோதனைக் கருவிகள் இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டக்கூடும். 2017-ல் வெளியான ஒரு மருந்து வேதியியல் மதிப்பாய்வு இதையெல்லாம் அடுக்கிவிட்டு, யார் எடுப்பது மருந்து, யார் எடுப்பது வெற்று மாத்திரை என்று நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் நடத்தும் இருமறைச் சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று முடித்தது. என் பார்வையில் அது கொஞ்சம் கடுமை. முழங்கால் தேய்மான வலியில் ஓரளவு பலன் தெரிகிறது: 2014-ல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் 367 பேரில் பாதிப்பேர் தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மீதிப்பேர் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபெனும் எடுத்தார்கள், நான்கு வாரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிவாரணம் தந்தன, வயிற்றுத் தொல்லை சாறு எடுத்தவர்களுக்குக் குறைவு. ஆனால் அதில் வெற்று மாத்திரைக் குழு இல்லை, நான்கு வாரம் என்பதும் நீண்ட காலமில்லை. வலி குறைய வாய்ப்புண்டு என்று சொல்லலாம், தேய்ந்த மூட்டு சரியாகும் என்று சொல்ல முடியாது.

இப்போது மிளகு. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 1998-ல் வந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப் பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது உறிஞ்சுதல் 2,000 சதவீதம் கூடியது, விளம்பரங்களில் இன்றும் அந்த எண்தான் ஓடுகிறது. பைப்பரின் இல்லாமல் இரத்தத்தில் இருந்ததே மிகச் சொற்பம், அதன் பெருக்கம்தான் இது என்பதை யாரும் சொல்வதில்லை. அதோடு, பைப்பரின் குர்குமினுக்கென்று தனியாகக் கதவைத் திறக்கவில்லை, வேற்றுப் பொருட்களை வெளியேற்றும் நொதிகளையே முடக்குகிறது. அதனால் ஃபெனிடோயின் (வலிப்புக்கு), ப்ரோப்ரனோலால் (இரத்த அழுத்தத்துக்கு), தியோபிலின் (ஆஸ்துமாவுக்கு) போன்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடும். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் கேட்காமல் இதைச் சேர்த்துக்கொள்வது விபரீதம்.

கல்லீரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிதுதான், ஆனால் நடக்கிறது. 2022-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அலசிய மஞ்சள் சார்ந்த 10 கல்லீரல் பாதிப்புகளில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது, யாருக்கு அது இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. சிறுநீர் கருத்தால், கண் மஞ்சளானால், காரணமில்லாமல் சோர்ந்து போனால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பித்தப்பைக் கல் இருப்பவர்கள் எடுக்க வேண்டாம், குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களும் யோசிக்கவும், அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது "மஞ்சள் மாத்திரை" என்று பொதுவாகச் சொல்லாமல் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள், பைப்பரின் எவ்வளவு இருக்கிறது என்று அதில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்.