பங்கு, ஃபண்டை விற்று வீட்டுக் கடன் அடைக்கிறீர்களா? மூலதன ஆதாய வரியை முதலில் ஒதுக்குங்கள்

விற்ற பணம் எங்கே போகிறது என்பதை வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. மியூச்சுவல் ஃபண்டை விற்று வீட்டுக் கடனைக் கட்டினாலும், சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைத்தாலும் லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரி ஒன்றுதான். 'வீட்டுக்காகத்தானே விற்றோம், விலக்கு கிடைக்கும்' என்று நம்பி வந்த தொகை முழுவதையும் வங்கியில் கட்டிவிட்டால், வரி கட்டும் நேரத்தில் கையில் காசு இருக்காது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54எஃப் பிரிவு, பங்கு, ஃபண்டு, நகை போன்ற நீண்டகாலச் சொத்தை விற்று வீடு வாங்கினால் விலக்கு தருகிறது. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் என்பதால் அதன்பின் பிரிவு எண்கள் வேறு.) ஆனால் விற்ற நாளுக்கு ஓராண்டு முன்போ இரண்டாண்டு பின்போ வீட்டை வாங்கியிருக்க வேண்டும்; கட்டுவதானால் மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும். முழு விலக்கு வேண்டுமானால் லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்றுக் கிடைத்த மொத்தத் தொகையும் வீட்டில் இறங்க வேண்டும். விற்கும் நாளில் அந்தப் புது வீட்டைத் தவிர ஒன்றுக்கு மேல் வீடு இருக்கவும் கூடாது. எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய வீட்டின் கடனுக்கு இது பொருந்தாது. வீடு வாங்கி இன்னும் ஓராண்டு ஆகாதவர்கள் மட்டும், விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். முதலில் கடன் வாங்கி வீட்டை முடித்தவர்களுக்கும் விலக்கை ஏற்ற தீர்ப்புகள் உண்டு. ஓராண்டு தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மற்றவர்களுக்கு விகிதம் இதுதான். 2024 ஜூலை 23-இலிருந்து, பட்டியலிடப்பட்ட பங்கையும் ஈக்விட்டி ஃபண்டையும் (பெரும்பகுதி பங்கில் முதலிடும் ஃபண்டு) 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5%. 12 மாதத்துக்குள் விற்றால் முழு லாபத்துக்கும் 20%. இரண்டின் மேலும் 4% செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி) உண்டு, ஆக 12.5 என்பது கையில் 13 ஆகும். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய டெட் ஃபண்டுக்கு (கடன் பத்திரங்களில் முதலிடும் ஃபண்டு) எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் உங்கள் வருமான வரம்புக்கு உரிய விகிதமே.

சம்பளம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரியே இல்லை என்று இருப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். புதிய வரி முறையில் கிடைக்கும் அந்த வரித் தள்ளுபடி, பங்கு லாபத்தின் மீதான 12.5%, 20% வரிகளுக்குக் கிடையாது.

எவ்வளவு விற்க வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். கடன் பாக்கி 18 லட்சம். சில ஆண்டுகளுக்கு முன் மொத்தமாக 12 லட்சம் போட்ட ஈக்விட்டி ஃபண்டு இன்று 20 லட்சம். அதாவது விற்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 40 ரூபாய் லாபம். 18 லட்சம் மட்டும் விற்றால் வரிக்குப் பணம் குறையும். சுமார் 18.82 லட்சம் விற்றால் லாபம் 7.53 லட்சம், அதில் 1.25 லட்சம் போக மீதிக்கு 13%, ஏறக்குறைய 81,600 ரூபாய். அதை ஒதுக்கினால் சரியாக 18 லட்சம் நிற்கும். ஒதுக்கிய தொகையை வேறு கணக்கில் வையுங்கள். கடன் கணக்கில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது.

எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) மூலம் வாங்கியிருந்தால் இந்தச் சராசரிக் கணக்கு பொய்த்துவிடும். ஒவ்வொரு தவணையும் தனிக் கொள்முதல்; முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகும். பழைய யூனிட்டில் லாபம் அதிகம் என்பதால் வரியும் முதலிலேயே கூடுதலாக வரும். கடைசி 12 மாதத் தவணைகளுக்கு 20% வரியோடு, பல ஃபண்டுகளில் சீக்கிரம் விற்பதற்கான 1% கட்டணமும் (எக்ஸிட் லோடு) சேரும். ஈஎல்எஸ்எஸ் எனும் வரிச் சேமிப்பு ஃபண்டில் ஒவ்வொரு தவணைக்கும் மூன்றாண்டுப் பூட்டு. 2018 ஜனவரி 31-க்குள் வாங்கியவற்றுக்கு அன்றைய விலையை அடக்க விலையாகக் கொள்ளும் சலுகை உண்டு. பழைய பங்கு வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. ஃபண்டு முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் மூலதன ஆதாய அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அது விற்று முடித்தவற்றுக்கானது. விற்கும் முன் யூனிட் வாரியான கணக்கைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

எதை முதலில் விற்பது? பிக்சட் டெபாசிட், லாபம் குறைந்த யூனிட், நஷ்டத்தில் கிடக்கும் பங்கு என்ற வரிசை எங்களுக்குச் சரியாகப் படுகிறது. குறுகியகால நஷ்டத்தை எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே. மிஞ்சியதை எட்டு ஆண்டு எடுத்துச் செல்லலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால்.

மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி விற்றால் 1.25 லட்ச விலக்கு இரண்டு முறை கிடைக்கும். மேற்சொன்ன கணக்கில் 16,250 ரூபாய் மிச்சம். ஆனால் 9 லட்சம் கடனுக்கு 8.5% வட்டி மாதம் 6,375 ரூபாய். இரண்டரை மாதத்துக்கு மேல் காத்திருந்தால் மிச்சம் வட்டியில் கரைந்துவிடும், சந்தை இறங்கும் ஆபத்து வேறு. பிப்ரவரியில் யோசிப்பவருக்கு இது நல்ல வழி, ஆகஸ்டில் யோசிப்பவருக்கு அல்ல. துணைவர் பெயருக்கு யூனிட்டை மாற்றி அவருடைய விலக்கைப் பயன்படுத்தலாம் என்பதும் நடக்காது; லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

விற்ற பிறகு அட்வான்ஸ் டாக்ஸை (நிதியாண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய வரி) மறக்காதீர்கள். பிடித்தம் போக ஆண்டு வரி பாக்கி 10,000 ரூபாயோ மேலோ என்றால், விற்றதை அடுத்து வரும் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 தவணைகளில் கட்டலாம். மார்ச் 15-க்குப் பின் விற்றால் 31-க்குள். தவறினால் மாதம் 1% வட்டி. தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டியானால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பகுதியாக அடைப்பவர்கள், இஎம்ஐயைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்தால் வட்டி கூடுதலாக மிஞ்சும். முழுதாக அடைப்பவர்கள் அன்றைய தேதிக்கான ஃபோர்குளோஷர் கடிதம் (கடனை முடிக்கக் கட்ட வேண்டிய மொத்தத் தொகையைச் சொல்வது) வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அடைத்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழ்நாட்டில் கடன் வாங்கியபோது எம்ஓடி (பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.