ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: முதல் செமஸ்டர் மறுபடி கிடைத்தால்

ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் தமிழ் மாணவர்கள் நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினால், முதல் செமஸ்டர் மறுபடி கிடைத்தால் எதை மாற்றிச் செய்திருப்போம் என்பதில்தான் பேச்சு வந்து நிற்கும். சொல்லும் விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் குறை ஒன்றுதான்: இங்கே யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதை நாங்கள் தாமதமாகப் புரிந்துகொண்டோம். ஊரில் 75 சதவீத வருகைப்பதிவு நம்மை வகுப்புக்கு இழுத்து வந்தது. தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியை வகுப்புப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் மூன்று முறை போட்டார். அதையும் தவறவிட்டவர்களைத் துறைத் தலைவர் அறைக்கு வரச்சொல்லித் திட்டினார். இங்கே எல்லாம் தேர்வு விதிமுறை என்ற ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்றே பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும்.

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியவற்றில், தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். ஜெர்மனியில் கடிதங்கள் குடும்பப்பெயரைப் பார்த்துத்தான் வந்து சேரும். நான் அஞ்சல்பெட்டியில் என் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டினேன். கடிதங்களோ அப்பாவின் பெயருக்கு வந்தன. அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று முடிவு செய்த தபால்காரர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் என எல்லாமே இங்கே தபாலில் வருபவை. ஆகவே இரண்டு பெயர்களையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே, குடியேறிய அன்றைக்கே பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டுகளாக எல்லா அலுவலகங்களிலும் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அப்பாவுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

முகவரிப் பதிவை, அதாவது அன்மெல்டுங்கை, குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக்கடிதம் தேவை. அதைத் தர மறுக்கும் வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மாணவர் விடுதிக்கு, அனுமதிக் கடிதம் கைக்கு வந்த நாளிலேயே ஊரிலிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும். காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு சார்ந்த காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. மாதம் சில பத்து யூரோக்கள் மிச்சம் என்று தொடக்கத்திலேயே அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனவர்கள், படிப்பு முடியும் வரை திரும்பி வர முடியாது. என்னுடன் வந்தவர்களில் ஒருவர் ஒரு பல் சிகிச்சைக்குப் பிறகுதான் அந்த விதியைப் படித்தார்.

இனி தேர்வுக்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் பெரிதாகச் சறுக்கினோம். பிப்ரவரி மாதம், என் முதல் தேர்வு. பெரிய விரிவுரைக் கூடத்தில் ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையாக உட்கார்த்தியிருந்தார்கள். மாணவர் அட்டையை மேசையில் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். கையில் பட்டியலுடன் வந்த உதவியாளர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், பிறகு கீழிருந்து மேலே ஓட்டினார், உங்கள் பெயர் இல்லையே என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பாடத்திற்குப் பதிவு செய்வது வேறு, அந்தப் பாடத்தின் தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்பதும், இரண்டாவதற்கான காலக்கெடு டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதும் எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. நான்கு மாதம் படித்த பாடத்தை எழுதாமலேயே எழுந்து வெளியே வந்தேன்.

அதைவிடப் பெரிய பிழை, அரியர் என்ற சொல்லை விமானத்தில் நம்மோடு ஏற்றிக்கொண்டு வருவது. ஊரில் ஒரு தாள் போனால் அடுத்த முறை எழுதலாம், அதுவும் போனால் அதற்கடுத்த முறை. இறுதியாண்டுக்குள் எல்லாவற்றையும் சேர்த்து முடித்து டிகிரி வாங்கியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம், சில இடங்களில் அதற்கும் குறைவு. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பும் போய்விட்டால் சேர்க்கையே ரத்தாகும். பொதுவாக அதே படிப்பில் ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. மாணவர் விசா அந்தச் சேர்க்கையை நம்பித்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறான விதியும் உண்டு: தேறிய தேர்வைப் பெரும்பாலும் மறுபடி எழுத முடியாது. இங்கே 1.0 சிறந்த மதிப்பெண், 4.0 கடைசித் தேர்ச்சி. தயாராகாமல் போய் 3.7 வாங்கித் தேறிவிட்டால், மகிழ்ந்துபோய் வீட்டுக்கு வரலாம். ஆனால் அந்த 3.7 சான்றிதழில் நிலைத்துவிடும்.

ஆகவே முதல் செமஸ்டரில் ஏழு பாடங்களை அள்ளிக்கொள்ளாதீர்கள். அட்டவணைப்படி செமஸ்டருக்கு 30 கிரெடிட், நான்கு செமஸ்டரில் 120. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள், அதாவது செமஸ்டருக்கு 900 மணி நேரம். இந்தக் கணக்கு மிகையானது அல்ல. பதிவு செய்த தேர்விலிருந்து குறிப்பிட்ட தேதிக்குள் காரணம் சொல்லாமலேயே விலகப் பல இடங்களில் அனுமதி உண்டு. உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவரின் சான்றிதழை உரிய நாளுக்குள் தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்; சும்மா போகாமல் இருந்துவிட்டால் அது தோல்வியாகவே பதிவாகும்.

தேர்வு முடிவு வந்த பிறகு, திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். முதல் இரண்டு செமஸ்டர்கள் நான் அதற்குப் போகவே இல்லை. மதிப்பெண்ணைக் கேள்வி கேட்பது ஆசிரியரை அவமதிப்பது என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. மூன்றாவது செமஸ்டரில் நண்பர் வற்புறுத்திக் கூட்டிப் போனார். ஒரு தாளின் பின்பக்கத்தில் நான் போட்டிருந்த கணக்கு திருத்தப்படாமலே இருந்தது. சுட்டிக்காட்டினேன், திருத்தியவர் பார்த்தார், தலையசைத்தார், ஆறு மதிப்பெண் சேர்த்தார், அடுத்தவரை அழைத்தார். முந்தைய இரண்டு செமஸ்டர்களின் தாள்களில் என்ன இருந்தது என்று அன்று இரவு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பேராசிரியர்களிடம் நாம் காட்டும் பயமும் வீண்தான். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் எல்லோரும் மேசையை விரல் மூட்டால் தட்டியபோது ஏதோ எதிர்ப்பு தெரிவிக்கிறார்கள் என்று பதறினேன். அதுதான் இங்கே கைதட்டல். அட்டவணையில் 10 மணிக்கு அருகே சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15க்குத்தான் தொடங்கும் என்பதும் தெரியாமல், வெறும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. வாரம் ஒரு முறை மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் நேரம் ஒதுக்குவார்கள். ஐந்து வரி மரியாதை எழுதிய மின்னஞ்சலைவிட, புரியாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்தில் கதவைத் தட்டுபவரைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மன் மொழியைத் தள்ளிப்போடாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதற்கு விலை உடனே தெரியாது, மூன்றாவது செமஸ்டரில் வேலை தேடும்போது தெரியும். சிறு சறுக்கல்கள் முன்பே வரும்: எனக்கு ஓர் அலுவலகத்தில் ஹால்ப் ட்ஸ்வை என்று நேரம் சொன்னார்கள். ஹால்ப் என்றால் அரை, ட்ஸ்வை என்றால் இரண்டு, ஆக இரண்டரை என்று போய் நின்றேன். அது இரண்டாவது மணியில் பாதி, அதாவது ஒன்றரை. பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புகளுக்கு இடங்கள் மிக வேகமாக நிரம்பிவிடும். பாடங்களின் சுமை ஏறும் முன், முதல் செமஸ்டரிலேயே ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் இடம் பிடித்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விசாவுக்காக, மாதத் தவணையாக மட்டுமே பணம் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டியிருக்கிறது. மாதம் 992 யூரோ கைக்கு வரும். முதல் செமஸ்டரில் கிடங்கு வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் ஓடிய நண்பர்கள், சம்பாதித்த பணத்தைவிட அதிகமாக இழந்தது தேர்வு வாய்ப்புகளைத்தான். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே செய்யும் ஹிவி எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. சம்பளம் பெரிதாக இருக்காது என்றாலும், அந்த ஆய்வகத்திலேயே பின்னால் ஆய்வேட்டுக்குத் தலைப்பும் வழிகாட்டியும் கிடைப்பதுண்டு.

தமிழ் நண்பர்களோடு ஒரே வீட்டில் இருந்ததை நான் மாற்ற மாட்டேன். டிசம்பரில் மாலை நாலரைக்கு இருட்டிவிடும்போது, அடுத்த அறையில் யாரோ ரசம் தாளிக்கும் வாசனைக்கு ஈடாக இங்கே எதுவும் இல்லை. மாற்ற நினைப்பது மதியச் சாப்பாட்டை மட்டும்தான். டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய்த் தமிழர்களோடு மட்டும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்றாவது செமஸ்டரில் ஒரு நாள் ஆய்வகத்து ஜெர்மன் மாணவர்களோடு மென்சா என்கிற பல்கலைக்கழக உணவகத்துக்குப் போனபோது, துறையின் மாணவர் மன்ற அறையில் பழைய வினாத்தாள்கள் ஆண்டு வாரியாக அடுக்கிவைக்கப்பட்டிருப்பதாக ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். உங்களுக்கு இது தெரியாதா என்று அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அந்த அறை, நாங்கள் தினமும் டப்பா கழுவிய இடத்திலிருந்து மூன்றாவது கதவு.