முள்வால் நீர்த்தெள்ளை அளப்பதில் வரும் தவறுகள்

ஜூனில் பிடித்தவை சிறியவை, செப்டம்பரில் பிடித்தவை பெரியவை. உடனே ‘நன்றாக வளர்ந்திருக்கின்றன’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் முள்வால் நீர்த்தெள்ளு (spiny water flea) என்ற இந்தச் சிறிய நீர்வாழ் ஓட்டுடலி சில வாரங்களே வாழும். ஜூனில் வலையில் சிக்கியவற்றின் பேத்திகளைத்தான் செப்டம்பரில் அளக்கிறோம்.

ஐரோப்பா, ஆசியப் பகுதியைச் சேர்ந்த இந்த நீர்த்தெள்ளு, கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிக்கொள்ளும் நிலைப்பு நீரோடு 1980களில் வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. மற்ற சிறு மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். மொத்த நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், ஆனால் அதில் சுமார் 70 சதவீதம் வெறும் வால்முள். முதல் தவறே இங்குதான்: உடலையும் முள்ளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் குறிப்பது. இரண்டும் ஒரே காரணத்தால் மாறுவதில்லை, தனித்தனியாக அளக்க வேண்டும்.

அடுத்தது, குட்டியையும் தாயையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுப்பது. புதிதாகப் பிறந்தவை அதிகமுள்ள வாரத்தில் சராசரி தானாகவே இறங்கும். வயதைப் பிரிப்பது கஷ்டமில்லை. பிறக்கும்போது முள்ளில் ஒரு ஜோடி பக்கமுட்கள் இருக்கும். சட்டை உரிக்கும்போது அடிப்பக்கத்தில் இன்னொரு ஜோடி சேரும். நுண்ணோக்கியில் எண்ணினால் போதும்.

இதில் ஒரு அருமையான வசதியும் உண்டு. உடல் சட்டை உரித்தாலும் வால்முள் உரிவதில்லை, அடியில்தான் நீள்கிறது. எனவே நுனியிலிருந்து முதல் ஜோடி வரையிலான நீளம் பிறந்தபோது இருந்த அதே நீளம், கடைசிவரை மாறாது. குட்டிகளைவிட முதிர்ந்தவற்றில் இந்த நுனிப்பகுதி சராசரியாக நீளமாக இருந்தால், அவை பிறந்தபின் நீண்டன என்று சொல்ல முடியாது. குட்டை முள் உள்ளவை இடையில் மீனுக்கு இரையாகியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். வாய் சிறிய இளம் மீன்களுக்கு நீண்ட முள் தொண்டையில் இறங்காது, துப்பிவிடும். பெரிய மீன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால் ஓர் ஏரியில் கண்டதை அடுத்த ஏரிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே எந்த மீன் அதிகம் என்று முதலில் பாருங்கள்.

எல்லாவற்றையும் வெப்பநிலை தலையில் கட்டுவதும் வழக்கம். வெப்பநிலைக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் பெரிய குட்டிகளைப் போடுவதா, நிறையச் சின்னக் குட்டிகளைப் போடுவதா என்பது தாயைப் பொறுத்தது. அப்புறம், அளவு அட்டவணையில் தாயின் அடைப்பையில் (குட்டிகளைச் சுமக்கும் பையில்) உள்ள குட்டிகளின் எண்ணிக்கைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இலையுதிர்காலத்தில் ஆண்களும் தென்படத் தொடங்கும், அவற்றைத் தனியாக எழுதுங்கள்.